கலர் வராது, முகம் வரும்

ஓம் நமசிவாய.

கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில் போகும்போதோ, ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பிறகோ பொறுமையா படிங்க. கடைசியில் உங்க வீட்டு அலமாரிக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன்.

பழைய ஆர்ச்சர்ட் ரோடு சிவன் கோயில் படங்களைக் கோயிலில் பார்த்தவங்க என்னிடம் மூணு கேள்வி கேட்டீங்க. இத்தனை வருஷம் கழிச்சு இந்தப் படங்கள் எங்கிருந்து வந்துச்சு? ஏன் கறுப்பு வெள்ளையா இருக்கு, அந்தக் காலத்துலயே கலர் வந்துடுச்சே? ஏஐயில போட்டா ஒரு நிமிஷத்துல கலர் ஆயிடுமே, ஏன் பண்ணல? ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்ல முடியல. மூணுக்கும் சேர்த்து இங்கே எழுதறேன்.

முதல்ல இடம். இளையவங்க பல பேருக்கு டோபி காட் என்றால் மூணு ரயில் பாதை சேரும் ஸ்டேஷன், அவ்வளவுதான். நம்ம ஆட்கள் ஓடைத் தண்ணியில் துணி துவைத்து, அங்கேயே புல்வெளியில் காயப்போட்ட இடம் அது. பேரே அப்படி வந்ததுதான். சிவன் கோயில் நூறு வருஷத்துக்கும் மேலா அங்கேதான், ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்தது. எம்ஆர்டி கட்ட நிலம் தேவைப்பட்டதால் 1983இல் கோயில் அங்கிருந்து கிளம்பியது. சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமா சில வருஷம் இருந்தது. அப்புறம் கேலாங் ஈஸ்டில் புதுக் கோயில் எழும்பி, 1993இல் கும்பாபிஷேகம் நடந்தது. டோபி காட் ஸ்டேஷன் 1987 டிசம்பரில் திறந்தாங்க. இன்னைக்கு அங்கே இறங்கி ஏறும் யாருக்கும் அது ஒரு கோயில் நின்ற இடம் என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது.

அந்தப் பழைய கோயிலில் தொண்டு செய்த பெரியவர் ஒருத்தர். பேர் வேண்டாம், குடும்பத்தார் விருப்பம். துறைமுகத்தில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேமரா வாங்கி, விசேஷ நாட்களில் படம் எடுப்பார். கோயில் இடம் மாறின அடுத்த வருஷமே மாரடைப்பில் தவறிட்டார். அவர் மகள், எனக்கு அக்கா மாதிரி, வீடு மாறும்போது ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்திருக்காங்க. உள்ளே மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதுக்குள்ள எடுத்து முடித்து முழுசா உள்ளே சுத்தின ஒரு பிலிம். டப்பா மேல பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் "சிவன் கோயில் - கடைசி" என்று எழுதியிருந்தது.

கடைசி நாட்களா, கடைசி ரோலா? தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை.

"தம்பி, இதைக் கழுவ முடியுமா?" என்று கொண்டுவந்து கையில் கொடுத்தாங்க. எனக்கு வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் பழக்கம் உண்டு என்பது அவங்களுக்குத் தெரியும். வாங்கிப் பார்த்தேன். கோடாக்ரோம் 64. 36 படம். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கிச்சு.

ஏன்னு சொல்றேன். கோடாக்ரோம் சாதாரண கலர் பிலிம் இல்லை. கோடக் கம்பெனி 1935இல் சினிமாவுக்கும், 1936இல் ஸ்டில் கேமராவுக்கும் கொண்டுவந்தது. கண்டுபிடிச்சவங்க லியோபோல்ட் மேன்னஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி என்று இரண்டு பேர். இரண்டு பேருமே சங்கீதக்காரங்க. ஒருத்தர் பியானோ, இன்னொருத்தர் வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் பிராம்ஸ் என்பவரின் சிம்பொனியை விசிலடித்து நேரம் கணக்குப் பண்ணினாங்க என்று ஒரு கதை உண்டு. அவங்க பேரை வைத்து, காடும் மேனும் சேர்ந்து செய்த பிலிம், கடவுளும் மனுஷனும் சேர்ந்து செய்தது என்று அந்தக் காலத்தில் வேடிக்கையா சொல்வாங்களாம். 1985இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் பெண் படம் நினைவிருக்கா? ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. அது கோடாக்ரோம். இந்தியாவின் தெருக்களைக் கலரில் காட்டிய ரகுபீர் சிங் எடுத்ததும் கோடாக்ரோமில்தான்.

மற்ற கலர் பிலிமில் கலர் வருவதற்கான பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். கழுவும்போது அது கலராக மாறும். கோடாக்ரோமில் அப்படி இல்லை. அதுக்குள்ள இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக மூணு கறுப்பு வெள்ளைப் படலம். ஒன்று நீல ஒளியைப் பிடிக்கும், ஒன்று பச்சையை, ஒன்று சிவப்பை. கலரைக் கழுவும்போதுதான் வெளியிலிருந்து ஊட்டணும். முதலில் கறுப்பு வெள்ளையாகக் கழுவணும். அப்புறம் பின்பக்கமா சிவப்பு வெளிச்சம் காட்டி ஒரு மருந்து. முன்பக்கமா நீல வெளிச்சம் காட்டி இன்னொரு மருந்து. மூணாவது படலத்துக்குத் தனியா ஒரு மருந்து. கடைசியில் வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துட்டா கலர் மட்டும் நிற்கும். 1974க்குப் பிறகு இந்த முறைக்கு கே-14 என்று பேர். பெரிய மெஷின், வேதியியல் தெரிந்த ஆள், நாள்தோறும் பரிசோதனை, எல்லாம் வேணும். அதனாலதான் தெருமுனை ஸ்டூடியோவில் யாரும் இதைக் கழுவல. உலகத்திலேயே எண்ணிச் சொல்லக்கூடிய லேப்கள்தான் செய்தன.

2009 ஜூனில் கோடாக்ரோமை நிறுத்தறோம் என்று கோடக் அறிவிச்சது. கடைசியா மிஞ்சியது அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30 வரைக்கும் வந்த ரோல்களை வாங்கினாங்க. அதையெல்லாம் கழுவி முடித்ததும் கே-14 மூடப்பட்டது. கடைசியா தயாரான ரோல்களில் ஒன்றை மெக்கரியிடமே கொடுத்தாங்க. 36 படம். அதில் ஒரு பகுதியை அவர் நம்ம இந்தியாவில்தான் எடுத்தார்.

ஆக, அக்கா என் கையில் வெச்ச ரோலைக் கலராகக் கழுவிக் கொடுக்க இன்னைக்கு உலகத்தில் ஒரு கடை கிடையாது. வெளிநாட்டில் ஓரிரண்டு பேர் தங்கள் சொந்த முயற்சியில் கே-14 மருந்துகளைக் கலந்து பார்த்து, கொஞ்சம் கலர் வரவழைத்ததும் உண்டு. ஆனா அது பரிசோதனை. நம்ம ரோலை அனுப்பிக் கழுவி வாங்கும் சேவை இல்லை. பழைய பிலிமுக்கென்றே இருக்கும் லேப்கள்கூட கோடாக்ரோமைக் கறுப்பு வெள்ளையாத்தான் கழுவித் தர்றாங்க.

அந்தக் கறுப்பு வெள்ளை வழி எப்படி வேலை செய்யுது? மூணு படலமும் அடிப்படையில் வெள்ளி உப்புதானே. சாதாரண டெவலப்பரில் போட்டாலும் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுக்கும். ஸ்லைடு வராது, நெகட்டிவ் வரும். ஆனா மூணு படலமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுத்துடும். எது சிவப்பு, எது பச்சை என்று அப்புறம் பிரிக்க முடியாது. கலர் எங்கேயும் ஓடிப்போகல, ஒன்றுக்குள் ஒன்று கலந்துடுச்சு. ஒருதடவை இப்படிக் கழுவிட்டா, நாளைக்கே யாராவது கே-14ஐ மறுபடி ஆரம்பிச்சாலும் இந்த ரோலுக்குப் பிரயோஜனம் இல்லை. திரும்பி வர முடியாத வழி.

இதை நான் அக்காவிடம் ஒளிக்காம சொன்னேன். அவங்க தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கார். அவர் போனிலேயே, "வேண்டாம்க்கா, அப்பா கலர்ல எடுத்தது, கலர்லதான் வரணும், இன்னும் பத்து வருஷம் காத்திருப்போம், ஏதாவது டெக்னாலஜி வரும்" என்று சொல்லிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. கோயில் படம் கலர் இல்லாம என்ன? குங்குமம், மஞ்சள், அரளி, வில்வம், தீபாராதனை வெளிச்சம் எல்லாம் கலர்தானே.

ஆனா பிலிம் காத்திருக்காது. எடுத்த படம் கழுவும்வரைக்கும் வெள்ளி உப்புக்குள் சில அணுக்கள் அளவில் பதுங்கியிருக்கும் ஒரு தடம் மட்டும்தான். வெயிலும் ஈரமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். அதே நேரத்தில் வெளிச்சமே படாத இடமும் தானா கறுத்துக்கிட்டு வரும். படம் மங்கும், புகை ஏறும். குளிர் நாட்டில், குளிர்பெட்டியில் இருந்த ரோல் வேற. நம்ம ரோல் நாற்பது வருஷம் சிங்கப்பூர் அலமாரியில், பிஸ்கட் டின்னில் இருந்தது. இன்னும் பத்து வருஷம் வெச்சா கலர் கழுவும் ஆள் கிடைக்கலாம். ஆனா கழுவ உள்ளே படம் இருக்குமா?

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "அக்கா, நம்ம கோபுரத்துல வர்ணம் எத்தனை நாள் நிக்குது? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவை திருப்பணி பண்ணிப் புதுசா அடிக்கிறோம். மாரியம்மன் கோயில்ல 2010ல பார்த்த வர்ணமா 2023ல பார்த்தோம்? வர்ணம் மாறிக்கிட்டேதான் இருக்கும். உருவத்தைத்தான் காப்பாத்தறோம்." அவங்க உடனே பதில் சொல்லல. ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டாங்க. தம்பியோட பேசினாங்க. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, "கழுவு தம்பி. அப்பா யாரை எடுத்திருக்கார்னு அம்மா இருக்கும்போதே பார்த்துடணும்" என்றாங்க. அவங்க அம்மாவுக்கு வயசு எண்பத்து நாலு.

அப்படிச் சொன்ன பிறகுதான் தொட்டேன். அதுவும் நேரா அந்த ரோலை இல்லை. காலாவதியான, யாரும் பயன்படுத்தாத கோடாக்ரோம் 64 ரோல் இன்னும் இணையத்தில் விற்பனைக்கு வருது. ரெண்டு வாங்கி, தேக்கா மார்க்கெட், கேம்பல் லேன் எல்லாம் சுத்திப் படம் எடுத்து, அதை வெச்சுப் பழகினேன். ஒருத்தர் ஆயுசில் மிஞ்சின ஒரே ரோலில் ஒத்திகை பார்க்கக் கூடாது.

இருட்டறைக்கு நமக்குக் கவலையே இல்லை. புது எச்டிபி வீடுகளில் இருக்கே பாம் ஷெல்டர், அரிசி மூட்டையும் பழைய ஃபேனும் போட்டு வெக்கிற அறை, அந்த இரும்புக் கதவை மூடிட்டா அதைவிட நல்ல இருட்டு எங்கேயும் கிடையாது. ஒரே தொந்தரவு புழுக்கம். கை வேர்த்தால் பிலிம் சுருளில் ஏறாமல் ஒட்டிக்கும். அதனால விடிகாலை நாலரை மணிக்கு, ஏர்கான் போட்ட அறையில் கொஞ்ச நேரம் இருந்துட்டு, கையைத் துடைத்துக்கிட்டு உள்ளே போனேன். பாட்டில் ஓப்பனரால் ரோல் மூடியைக் கழற்றி, தடவித் தடவிச் சுருளில் ஏற்றி, டேங்கில் போட்டு மூடினதும் வெளியே வந்துட்டேன். அதுக்கப்புறம் வெளிச்சத்திலேயே செய்யலாம்.

அடுத்தது தண்ணி. நம்ம குழாய்த் தண்ணி 29 டிகிரி. பழைய பிலிமுக்கு அது சூடு. புகை ஏறும், மேலே இருக்கும் ஜெலட்டின் இளகும். எல்லாம் 20 டிகிரியில் இருக்கணும். டெவலப்பர் மட்டும் குளிர்ந்திருந்தா போதாது. நிறுத்தும் தண்ணி, ஃபிக்ஸர், அலசும் தண்ணி எல்லாம் ஒரே சூட்டில் இருக்கணும். குளிரிலிருந்து திடீர்னு சூட்டுக்குப் போனால் ஜெலட்டின் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடித்துடும். முதல் நாளே பன்னிரண்டு பாட்டில் தண்ணியைக் குளிர்பெட்டியில் வெச்சு, காலையில் வாளியில் ஐஸ் போட்டு, தெர்மாமீட்டரோட உட்கார்ந்தேன்.

டெவலப்பர் கோடக் எச்.சி.110. பழைய பிலிமில் புகையைக் கொஞ்சம் அடக்கும் என்பதால் அது. ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணி. பழகின ரெண்டு ரோலை வெச்சு எனக்கு ஏழு நிமிஷம் என்று முடிவாச்சு. நிமிஷத்துக்கு ஒருதடவை டேங்கைப் பத்து செகண்ட் கவிழ்த்து நிமிர்த்தணும். அந்த சங்கீதக்காரங்க விசிலடிச்சாங்க. நான் ஐந்தெழுத்தை அஞ்சு தடவை நிதானமா சொன்னேன். சரியா பத்து செகண்ட். அப்புறம் நிறுத்தும் தண்ணி, அப்புறம் ஃபிக்ஸர் பத்து நிமிஷம்.

திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, முழுக்கக் கறுப்பா இருக்கும். புதுசா செய்றவங்க இங்கேதான் பயந்துடுவாங்க. கோடாக்ரோமின் பின்பக்கம் கரிப்பூச்சு ஒன்று உண்டு. உள்ளே வந்த வெளிச்சம் எதிரொலிச்சுப் படத்தைக் கெடுக்காமல் இருக்க அதைப் பூசினாங்க. மற்ற ஸ்லைடு பிலிமில் அது கிடையாது. அதைக் கரைக்க ஸ்பெஷல் மருந்து எதுவும் வேண்டாம், சலவை சோடா போதும். குளிர்ந்த தண்ணியில் சலவை சோடாவைக் கரைத்து, ஈர ஸ்பாஞ்சால் பின்பக்கத்தை மட்டும் மெதுவா வழிக்கணும். முன்பக்கத்தில் கரி பட்டால் புள்ளி விழும். ஸ்பாஞ்சை அடிக்கடி மாத்தணும்.

நாம "படம் கழுவுறது" என்றுதானே சொல்றோம். டோபிகள் துணி துவைத்த இடத்தில் எடுத்த படத்தை, சலவை சோடா போட்டுத்தான் துவைக்க வேண்டியிருந்தது. கரி வழிய வழிய, விரல் நகம் அளவுக்கு ஒரு முகம் தெரிஞ்சது.

முழுசா கழுவின பிறகும் பிலிம் தெளிவா இருக்காது. கருமஞ்சளா, கஷாயம் மாதிரி இருக்கும். கோடாக்ரோமுக்குள் மஞ்சள் வடிகட்டியாக மிக நுண்ணிய வெள்ளிப் படலம் ஒன்று உண்டு. கலர் முறையில் கடைசியில் அதுவும் கரைந்து போகும். கறுப்பு வெள்ளை முறையில் தங்கிடும். அதைக் கரைக்கப் போனால் படத்து வெள்ளியும் சேர்ந்து கரையும் என்பதால் நான் தொடல. நல்ல வெளிச்சப் பலகை மேல வெச்சு, டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் போதும். ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கும். அதைச் சாக்கடையில் ஊத்தாமல் பாட்டிலில் பிடித்து, பிலிம் கழுவும் கடையில் கேட்டுக் கொடுங்க.

36 படத்தில் பதினாலு முழுக்கப் புகை. பதிமூணில் ஆள் இருக்காங்க என்று தெரியும், யாரென்று தெரியாது. ஒன்பது நல்லா வந்துச்சு. ஒன்பதே ஒன்பது. வாசலில் குவிந்த செருப்புகள். தரையில் உட்கார்ந்து பூ கட்டும் பெண்கள், கை மட்டும் அசைந்து மங்கலா இருக்கு. கழுவிக் கவிழ்த்த பித்தளைப் பாத்திர வரிசை. தூணில் சாய்ந்து தூங்கும் ஒரு பையன். பந்தியில் இலை போடும் ஆட்கள். பெரிய அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டும் ஒரு அம்மா, நேரா கேமராவைப் பார்த்து, "என்னத்துக்கு இப்ப?" என்று கேட்கிற முகம்.

அந்தப் படங்களைத்தான் பிரிண்ட் போட்டுப் பெரியவங்களிடம் காட்டினேன். முதலில் அந்த எண்பத்து நாலு வயசு அம்மாவிடம். அவங்க ஒவ்வொன்றா வாங்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாங்க. கணவர் எந்தப் படத்திலும் இல்லை. எடுத்தவர் அவர்தானே. செருப்புப் படத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்னாங்க. "இது அவர் செருப்பு. ஓரமா தனியா விட்டிருக்கார் பாரு, எப்பவும் அப்படித்தான்" என்றாங்க. மகளுக்கு அதுவே போதுமானதா இருந்தது. அன்னைக்கு ராத்திரி ஆஸ்திரேலியாத் தம்பிக்கும் அந்தப் படத்தை அனுப்பினாங்க. அவர் கலரைப் பற்றி ஒரு வார்த்தை பேசலையாம்.

அப்புறம் கோயிலில். பூ கட்டும் படத்தை ரெண்டு பாட்டிகள் பார்த்தாங்க. "நடுவுல இருக்கவ கட்டியிருக்கிறது அரக்குப் புடவை, எனக்கு நல்லா ஞாபகம்" என்றார் ஒருத்தர். "அரக்காவது, கிளிப்பச்சை. நான்தானே கூடப் போய் வாங்கினேன்" என்றார் மற்றவர். அரை மணி நேரம் வாக்குவாதம். ஆனா அந்த நடுவில் இருக்கும் பெண் யார் என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. பேர், வீட்டுக்காரர் பேர், எந்த புளோக், எத்தனை பிள்ளை எல்லாம் ஒரே மூச்சில் வந்துச்சு.

அண்டா கிண்டும் அம்மாவின் படம் கை மாறிப்போய், கடைசியில் ஒரு அக்காவிடம் நின்னுது. எங்களோட அன்னதானத்தில் காய் நறுக்க வர்றவங்க. கொஞ்ச நேரம் பேசல. "எங்கம்மா" என்றாங்க. அவங்க வீட்டில் அம்மா படம் என்று இருப்பது ஐசியில் இருந்து பெருசு பண்ணின ஒரே படம்தானாம். அதில் அம்மா நேரா, விறைப்பா, யாரோ மாதிரி இருப்பாங்களாம். "இதுதான் எங்கம்மா. இப்படித்தான் முறைப்பாங்க." அந்த பிரிண்டை அவங்களுக்கே கொடுத்துட்டேன்.

இப்போ மூணாவது கேள்விக்கு வர்றேன். ஏஐயில் கலர் போடலாமே? போடலாம். ஒரு நிமிஷ வேலைதான். ஆனா அது அந்தப் புடவையை அரக்காக்குமா, கிளிப்பச்சையாக்குமா? எதையோ ஒன்றை ஆக்கும். அது பிலிமில் இருந்த கலர் இல்லை, கணிப்பு. ஒருதடவை அழகா கலர் போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சா, பத்து வருஷத்தில் அதுதான் உண்மை ஆயிடும். அரை மணி நேரம் வாதாடின ரெண்டு பாட்டிகளுக்கும் இருந்த உரிமையை ஒரு மெஷின் எடுத்துக்கும். வீட்டில் ஆசைக்குப் போட்டுப் பார்க்கிறதில் தப்பில்லை. பகிர்ந்தால் "கலர் கணிப்பு" என்று படத்து மேலேயே எழுதிடுங்க. மூலப் படத்தைத் தொடாமல் தனியா வையுங்க.

படங்களை ஏன் இந்தப் பதிவில் போடல என்றும் கேட்பீங்க. அதில் இருப்பவங்க பல பேர் இன்னைக்கு இல்லை, அவங்க பிள்ளைகள் இருக்காங்க. ஒவ்வொரு குடும்பமா கேட்டு, சரி என்ற பிறகுதான். அலங்காரத்தோட சாமி இருக்கும் ஒரு படமும் உண்டு. அது பற்றி முடிவு செய்ய வேண்டியவங்க கோயில் பெரியவங்க, நான் இல்லை.

கடைசியா அலமாரி வேலை. தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போதோ, வீடு மாறும்போதோ பழைய பிலிம் கிடைச்சா, "பழசு, போயிருக்கும்" என்று குப்பையில் போடாதீங்க. முதலில் ரோல் மேல என்ன எழுதியிருக்கு என்று பாருங்க. சி-41 என்றால் சாதாரண கலர் நெகட்டிவ். இ-6 என்றால் எக்டாக்ரோம், ஃபியூஜிக்ரோம் வகை ஸ்லைடு. இந்த ரெண்டையும் இன்னைக்கும் கலராகவே கழுவ முடியும். யாராவது "எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையா கழுவிடலாம்" என்று சொன்னால் அவசரப்பட்டுக் கொடுக்காதீங்க. பழைய பிலிம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்க. கோடாக்ரோம் என்றோ, கே-14 என்றோ இருந்தால் மட்டும்தான் நான் மேலே சொன்ன வழி. உடனே கழுவ முடியலையா? காத்துப் புகாத பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டோட குளிர்பெட்டியில் வையுங்க. வெளியே எடுத்தால் பையைத் திறக்காமலே சில மணி நேரம் வெளிச்சூட்டுக்கு வர விடுங்க. இல்லைன்னா உள்ளே வேர்க்கும்.

ஏற்கெனவே கழுவி, அட்டைச் சட்டத்தில் போட்ட கோடாக்ரோம் ஸ்லைடு இருந்தால் நீங்க கொடுத்து வெச்சவங்க. இருட்டில் வெச்சால் கலர் பிலிம்களிலேயே அதுதான் ரொம்ப நாள் மங்காது. ஆனா புரொஜெக்டர் வெளிச்சத்தில் மற்றதைவிட வேகமா மங்கிடும். அதனால அடிக்கடி போட்டுக் காட்ட வேண்டாம். ஒருதடவை நல்லா ஸ்கேன் எடுத்துட்டு, திரும்ப இருட்டில், ஈரம் படாத பெட்டியில் வெச்சிடுங்க. நம்ம ஊரில் பூஞ்சைதான் முதல் எதிரி.

இன்னொன்று, பிலிமைவிட அவசரமானது. வீட்டில் வயசானவங்க இருந்தால் பழைய ஆல்பத்தை எடுத்து அவங்க பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு, படத்துக்குப் பின்னாடி பென்சிலால் பேர் எழுதுங்க. ஒன்பது படத்தில் இருந்த இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருக்குப் பேர் கிடைச்சிருக்கு. மிச்சம் ஏழு பேர். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஆர்ச்சர்ட் ரோடு கோயிலுக்குப் போனவங்க உங்க வீட்டில் இருந்தால், அடுத்த பிரதோஷத்துக்குக் கூட்டிட்டு வாங்க. பிரிண்ட் என்னிடம் இருக்கும், அன்னதானக் கூடத்தில் நாற்காலியும் போட்டு வைக்கிறேன். தூணில் சாய்ந்து தூங்கும் அந்தப் பையன் யார் என்று இன்னும் யாரும் சொல்லல. அவனுக்கு இப்போ ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். இந்தப் பதிவையே படிச்சுக்கிட்டுக்கூட இருக்கலாம்.

சிவாயநம.